ஓதும் பள்ளியில் பிரம்பு

"கண் இரண்டையும் விட்டுவிட்டு மற்றதை உரித்து எடுத்துவிடுங்கள் ஹளரத்! பையன் ஓதினால் போதும்."

பிள்ளையை ஓதும் பள்ளியில் சேர்க்க வரும் தகப்பனார் இப்படிச் சொல்லிவிட்டுப் போவதை நம் ஊர்களில் கேட்காதவர் யார்? ஏழு வயதுப் பாலகன் தகப்பனாரின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். அலிஃப் என்னும் எழுத்தைக் காண்பதற்கு முன்பே தன் தோலைப் பற்றிய பேச்சைக் கேட்கிறான். சொல்லுகிறவர் வேடிக்கையாகத்தான் சொல்லுகிறார். உஸ்தாதின் மீதுள்ள மரியாதையைக் காட்டுவதாகவே எண்ணுகிறார். ஆனால் அந்த வார்த்தையை உத்தரவாக எடுத்துக்கொள்ளும் உஸ்தாதுகளும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு பேச்சும் நம்மிடையே உலவுகிறது. உஸ்தாதின் பிரம்பு பட்ட இடத்தை நரக நெருப்பு தீண்டாதாம். இதை ஹதீஸ் என்றே சொல்லிக் கேட்டிருக்கிறோம். வாசக நேயர்கள் தெளிவாக அறிந்துகொள்ளட்டும்: ஸிஹாஹுஸ் ஸித்தா என்னும் ஆறு கிரந்தங்களில் எதிலும் இப்படியொரு ஹதீஸ் கிடையாது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரால் சொல்லுவது எத்தகைய பாவம் என்பதை உஸ்தாதுகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டைப் பற்றி நமக்குத் தெரியாது. பிள்ளையைப் பற்றி, அதிலும் அல்லாஹ்வின் வேதத்தை ஓத வந்த பிள்ளையைப் பற்றி, மார்க்கம் என்ன சொல்லுகிறது என்பதே இங்கு நம் பேச்சு.

தாஹா ஸூராவின் தொடக்கத்தில் அல்லாஹுத்தஆலா தன் நபியை நோக்கி, நீர் துன்பப்படுவதற்காக இந்தக் குர்ஆனை நாம் இறக்கவில்லை என்ற கருத்தை அறிவிக்கின்றான். வேதத்தைச் சுமந்த முதல் நெஞ்சுக்கே துன்பம் நாடப்படவில்லை. அடுத்து, ஸூரத்துல் கியாமாவைப் பாருங்கள். வஹீ இறங்கும்போது மறந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் நபி (ஸல்) அவர்கள் அவசர அவசரமாக நாவை அசைத்து ஓதிப் பார்ப்பார்கள். அவசரப்பட வேண்டாம், அதை உம் உள்ளத்தில் சேர்ப்பதும் ஓத வைப்பதும் நம் பொறுப்பு என்று இறைவன் ஆறுதல் கூறினான். மறதிக்கு அஞ்சிய மாணவருக்கு அல்லாஹ் கொடுத்த பதில் இது. நம் ஹிஃப்ழு மதரஸாக்களில், நேற்றுப் பாடம் கொடுத்த ஆயத்தை இன்று மறந்துவிட்ட பத்து வயதுப் பையனுக்கு என்ன பதில் கிடைக்கிறது?

திக்கித் திக்கி, சிரமப்பட்டுக் குர்ஆனை ஓதுகிறவருக்கு இரண்டு நன்மைகள் உண்டு என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் தமிழ்ப் பிள்ளைகளின் தொண்டைக்கு ஐனும் ஹாவும் ஒரு வாரத்தில் இறங்கிவிடுவதில்லை. ளாதுக்கு நாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் படும் பாட்டை நாம் பார்க்கிறோம். அந்தச் சிரமத்துக்கு அல்லாஹ் இரண்டு கூலி கொடுக்கிறான். நாம் இரண்டு அடி கொடுக்கிறோம்!

பெருமானார் (ஸல்) அவர்கள் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் எப்படிப் பாடம் கொடுத்தார்கள் என்பதற்கு எத்தனையோ நிகழ்ச்சிகள் உண்டு. அவற்றில் அபூ மஹ்தூரா (ரலி) அவர்களின் வரலாற்றை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம். ஏனென்றால், பிரம்பு எடுப்பதற்கு ஒரு காரணம் உண்டென்றால் அது அங்கேதான் முழுமையாக இருந்தது.

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு. மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் போரும் முடிந்து நபி (ஸல்) அவர்கள் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். வழியில் தங்கிய இடத்தில் முஅத்தின் பாங்கு சொல்லுகிறார். அப்பொழுது மக்காவைச் சேர்ந்த பத்து வாலிபர்கள் அந்தப் பக்கமாக வந்தார்கள். பாங்கைக் கேட்டதும் அவர்கள் அதைக் கேலி செய்து, அதே போலக் கத்திக் காட்டினார்கள். அல்லாஹ்வின் பெயரை உயர்த்தும் வார்த்தைகளைப் பழித்துக் காட்டுவதென்றால் அது சிறிய குற்றமா? சத்தம் நபி (ஸல்) அவர்களின் காதில் விழுந்தது. ஆளனுப்பி அவர்களை அழைத்து வரச் செய்தார்கள். உங்களில் யாருடைய குரல் உயர்ந்து கேட்டது என்று விசாரித்தார்கள். எல்லோரும் அபூ மஹ்தூராவைக் கை காட்டினார்கள். அது உண்மையும் கூட. மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாலிபரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். ஊர் வீழ்ந்துவிட்டது. பிடித்து நிறுத்தியிருப்பவரோ வெற்றி பெற்ற தலைவர். கேலி செய்தது கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. அந்த நேரத்தில் அல்லாஹ்வின் தூதரை விடவும், அவர்கள் இடும் கட்டளையை விடவும் தமக்கு வெறுப்பானது வேறெதுவும் இருக்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

எழுந்து பாங்கு சொல் என்றார்கள் நபியவர்கள். அவருக்குத் தெரியாது, ஆகவே ஒவ்வொரு வார்த்தையாகத் தாமே சொல்லிக் கொடுத்தார்கள். அவர் சொல்லி முடித்ததும் வெள்ளி வைத்த ஒரு பையைக் கொடுத்தார்கள். அவருடைய நெற்றி முடியில் கை வைத்து, முகத்தில் தடவி, நெஞ்சு வரையில் கையைக் கொண்டுவந்து, பரக்கத்துக்காக துஆ செய்தார்கள். நெஞ்சிலிருந்த வெறுப்பெல்லாம் போய் அது அன்பாக மாறிவிட்டது என்கிறார் அபூ மஹ்தூரா. மக்காவில் பாங்கு சொல்லும் பொறுப்பை எனக்குத் தாருங்கள் என்று அவரே கேட்டார். கிடைத்தது. அவருக்குப் பின் அவருடைய சந்ததியாரிடத்தில் அந்தப் பணி தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. அவர் வழிவந்த ஒருவர் பாங்கு சொல்லத் தாம் கேட்டதாக இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் குறிப்பிடும் அளவுக்கு நிலைத்தது.

கேலியாகக் கத்திய குரலில் இனிமை இருக்கிறது என்பதைக் கவனித்த செவி அது. நம் மக்தபுகளில் பின்வரிசையில் உட்கார்ந்து உஸ்தாதைப் போலப் பேசிக் காட்டுகிற பையன் ஒவ்வொரு ஊரிலும் ஒருவன் இருப்பான். அவனை நாம் என்ன செய்கிறோம்?

பாத்திரத்தில் இங்கும் அங்கும் கையை ஓட விட்டுச் சாப்பிட்ட சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக் கையால், உனக்கு அருகிலிருப்பதை எடுத்துச் சாப்பிடு என்ற அளவில் பெருமானார் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று முதல் நான் சாப்பிடும் முறை அதுவாகவே இருந்துவருகிறது என்று அவர் பெரியவரான பிறகு சொன்னார். தொழுகையில் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களோ, நபியவர்கள் தம்மைக் கடுகடுக்கவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை என்று மூன்றையும் தனித்தனியாக எண்ணிச் சொல்லுகிறார். அவற்றில் ஏதாவது ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார் போலும்.

இந்த இடத்தில் உஸ்தாதுகள் சிலர் நம்மை மறித்துக் கேட்பார்கள்: "பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்று ஹதீஸ் இல்லையா?"

இருக்கிறது. அபூதாவூதில் வரும் ஹதீஸ் அது. அதை மறைப்பது நம் வேலையன்று. ஆனால் முழுமையாகப் பார்ப்போம். ஏழு வயதில் தொழச் சொல்லி ஏவ வேண்டும். பத்து வயதில்தான் அடுத்த கட்டம். இடையில் மூன்று ஆண்டுகள். சந்திர ஆண்டுக்கு 354 நாள் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஐந்து வேளையாக 5,310 தடவை அன்போடு அழைத்த பிறகு வரும் பேச்சு அது. அதுவும் பர்ளான தொழுகையை விட்டதற்காக. ஐன் சரியாக வரவில்லை என்பதற்காகவும், அம்ம ஜுஸ்உவில் ஒரு ஆயத்தைத் தாண்டி ஓதிவிட்டான் என்பதற்காகவும் வந்ததன்று. மேலும், அந்த ஹதீஸை அறிவித்துத் தந்த பெருமானாரே, ஜிஹாதைத் தவிர வேறெங்கும் எவரையும், ஒரு பெண்ணையோ பணியாளரையோ கூட, தம் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சாட்சி சொல்லுகிறார்கள்.

வேறு சிலர் ஹிரா குகைக்குப் போவார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மூன்று தடவை இறுக்கவில்லையா, அதுவும் ஒரு கண்டிப்புத்தானே என்பார்கள். காளி ஷுரைஹ் (ரஹ்) அவர்கள் அந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்த கருத்து, குர்ஆனுக்காகப் பிள்ளையை மூன்றுக்கு மேல் அடிக்கக் கூடாது என்ற எல்லைதான். வானவர் இறுக அணைத்ததற்கும் நம் கையிலிருக்கும் மூங்கில் பிரம்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நமக்குத் தோன்றுகிறது. அந்த அணைப்புக்கே பெருமானார் நடுநடுங்கி வீடு திரும்பினார்கள். கதீஜா நாயகி (ரலி) போர்வை போர்த்தித் தேற்றினார்கள். நடுங்கிக்கொண்டு வீடு வரும் நம் பிள்ளையை வீட்டில் யார் தேற்றுகிறார்கள்? "நீ என்ன சேட்டை செய்தாயோ" என்று இரண்டாவது அடியல்லவா விழுகிறது!

இனி மஸ்அலாவைப் பார்ப்போம். நம் நாட்டில் ஷாபிஈகளும் ஹனபிகளும் கலந்து வாழ்கிறோம். இரு மத்ஹபிலும் தஃதீப் என்னும் ஒழுக்கப்படுத்தலுக்கு இடம் உண்டு. ஆனால் அதைச் சுற்றி நம் இமாம்கள் கட்டிய வேலியைப் பலர் அறியவில்லை.

ஹனபி கிதாபான ரத்துல் முஹ்தாரில், பிள்ளையைக் கையால் அடிக்கலாமேயன்றிக் கம்பால் கூடாது, மூன்றைத் தாண்டவும் கூடாது என்று வருகிறது. உஸ்தாது கடுமையாக அடித்துவிட்டால் அவருக்கே தஃஸீர் என்னும் தண்டனை கொடுக்கப்படும், பிள்ளை இறந்துவிட்டால் அவர் ஈடு கொடுக்க வேண்டும் என்று துர்ருல் முக்தார் சொல்லுகிறது. ஷாபிஈ மத்ஹபில் பிள்ளையின் பொறுப்பாளரின் அனுமதி பற்றிய பேச்சு உண்டு. காயப்படுத்தாத அடியாக இருக்க வேண்டும். முகத்திலும் ஆபத்தான இடங்களிலும் படக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் உஸ்தாது ளமான் கொடுக்க வேண்டும். தகப்பனார் அனுமதித்தார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒழுக்கம் கற்பிக்கக் கிடைத்த அனுமதி, பிள்ளை பத்திரமாக இருப்பதோடு கட்டப்பட்டது என்பதே காரணம். தோலை உரிக்கச் சொன்ன தகப்பனாரின் வார்த்தைக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு என்பது இப்பொழுது விளங்கும்.

இமாமுல் ஹரமைன் (ரஹ்) அவர்களின் ஒரு கருத்து ஷாபிஈ கிதாபுகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. லேசான அடி பயன் தராது, கடுமையான அடிதான் பயன் தரும் என்று தெரிந்தால் இரண்டுமே கூடாது. கடுமையானது ஹராம், லேசானது வீண். இதைச் சிந்திப்பவர்கள் பிரம்பை எடுக்க எந்த நேரம் மிச்சமிருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

கைரவானில் வாழ்ந்த முஹம்மத் இப்னு ஸஹ்னூன் (ரஹ்), ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870) வபாத்தானவர்கள், ஓதிக் கொடுப்பவர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். தலையிலும் முகத்திலும் அடிக்கக் கூடாது, பிள்ளையைச் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் விடாமல் தடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. அதே ஊரைச் சேர்ந்த அல்காபிஸீ (ரஹ்), ஹிஜ்ரி 403-இல் (கி.பி. 1012) மறைந்தவர்கள், கோபத்தோடு இருக்கும்போது உஸ்தாது அடிக்கக் கூடாது என்றும், ஒரு பிள்ளையை விட்டு இன்னொரு பிள்ளையை அடிக்கச் செய்யக் கூடாது என்றும் எச்சரித்தார்கள். எப்பொழுதும் சிடுசிடுத்த முகத்தோடு இருக்கும் உஸ்தாதுக்குப் பிள்ளைகள் பழகிப்போய்ப் பயமற்றுவிடுவார்கள் என்று அவர்கள் சொன்னது, ஓதிக் கொடுத்துப் பழகியவர் சொல்லக்கூடிய சொல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இன்னும் ஒரு படி போய், மக்தபிலிருந்து வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பில் போட்டு வாட்டினால் அவன் உள்ளம் செத்துப்போகும், கூர்மை மழுங்கும், எப்படித் தப்பிக்கலாம் என்று தந்திரம் தேடுவான் என்ற கருத்தை இஹ்யாவில் எழுதினார்கள். தவறைச் சாடையாகத் திருத்த வேண்டும், பகிரங்கமாகக் கண்டித்தால் மரியாதையின் திரை கிழிந்துவிடும் என்பதும் அவர்கள் காட்டிய வழியே.

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. 1332-இல் துனிஸில் பிறந்து 1406-இல் கெய்ரோவில் மறைந்த அந்த மேதை, 1377-இல் முகத்திமாவை எழுதி முடித்தார்கள். மாணவர்கள் மீது காட்டும் கடுமை அவர்களைக் கெடுக்கும் என்பதற்கு அதில் ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. அடக்குமுறையில் வளர்ந்தவனின் உற்சாகம் சுருங்குகிறது, சோம்பல் வருகிறது. அடிக்குப் பயந்து உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறான். பொய்யும் ஏமாற்றும் அவனுக்குப் பாடமாகின்றன. நாளடைவில் அதுவே குணமாகிவிடுகிறது. அடக்குமுறைக்கு ஆளான சமுதாயங்களுக்கும் இதே கதிதான் என்று அவர்கள் விரித்துரைக்கிறார்கள். அடி வாங்கும் பிள்ளை என்ன கற்கிறான்? குர்ஆனை அன்று. பாடம் பார்க்காமலே பார்த்ததாகக் காட்டுவது எப்படி, வயிற்று வலி என்று நம்ப வைப்பது எப்படி, உஸ்தாது அசரும்போது பக்கத்தைத் தள்ளுவது எப்படி என்பதைக் கற்கிறான். நம் மதரஸாக்களில் ஓதியவர் எவரும் இதை மறுக்க மாட்டார்.

கடற்கரை ஊர் ஒன்றுக்கு நாம் பயான் செய்யப் போயிருந்தபோது, நாற்பது வயதைக் கடந்த வியாபாரி ஒருவர் தம் வீட்டில் விருந்து வைத்தார். ஐந்து வேளையும் ஜமாஅத்தில் நிற்பவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். பேச்சுவாக்கில், வீட்டில் குர்ஆனைத் திறந்து ஓதிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது என்றார். காரணம் கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் வலக் கையின் விரல் முட்டிகளைக் காட்டினார். "முஸ்ஹபைத் திறந்தால் இங்கே வலிக்கிற மாதிரி இருக்கிறது ஹளரத். எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்றார். அந்த உஸ்தாது யாரென்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரை அடித்தவர் அன்று ஒரு பாடத்தை வாங்கியிருப்பார். பதினைந்து வருடத்துத் திலாவத்தைப் பறித்துவிட்டாரே!

ஒரு தொழுகையை இமாம் நீட்டுவதால் நான் ஜமாஅத்துக்கு வருவதில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அன்று கோபப்பட்டதைப் போல வேறெந்த உபதேசத்திலும் கோபப்பட்டுப் பார்த்ததில்லை என்று அபூ மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். மக்களை விரண்டோடச் செய்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள் என்று கண்டித்தார்கள். கோபம் வராமல் வந்த தொழுகையாளி மேல் போகவில்லை, விரட்டியவர் மேல் போயிற்று.

அடிதான் கூடாது, வாயால் திட்டலாம் என்று நினைப்போருக்கு ஒரு வார்த்தை. ஸூரத்துல் ஹுஜுராத்தில் பட்டப் பெயர் சூட்டிப் பழிப்பதும் ஒருவரை ஒருவர் எள்ளி நகையாடுவதும் விலக்கப்பட்டிருக்கின்றன. மக்தபின் வாசலோடு அந்த ஆயத் நின்றுவிடுகிறதா? கழுதை என்றும் மண்டு என்றும், "உன் தம்பியைப் பார்" என்றும் சொல்லுவது பிரம்பைவிட ஆழமாக இறங்கும். அடி பட்ட தழும்பு ஒரு வாரத்தில் மறையும். அந்தப் பெயரோ ஊரில் பிள்ளை பெரியவனாகித் திருமணம் செய்த பின்னும் கூடவே வரும்.

அப்படியானால் பிள்ளைகளை அவரவர் போக்கில் விட்டுவிட வேண்டுமா? இல்லை. கண்டிப்பு வேறு, கடுமை வேறு. ஸூரத்துல் கஹ்ஃபில் ஹிள்ரு (அலை) அவர்களைப் பாருங்கள். அவர்களைவிடக் கண்டிப்பான ஆசிரியர் யார்? தொடக்கத்திலேயே நிபந்தனை; மீறியதும் நினைவூட்டல்; மூன்றாவது முறை பிரிவு. ஆனால் மூஸா (அலை) அவர்களை ஒரு சொல்லாலும் இழிவுபடுத்தவில்லை. பிரிவதற்கு முன் ஒவ்வொன்றின் விளக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். பாடம் சரியாகும் வரை அடுத்த பாடம் இல்லை என்று சொல்லுவதும், நேரத்துக்கு வராதவனின் வீட்டுக்கு ஆளனுப்புவதும், பத்து முறை ஓத வைப்பதும் கண்டிப்பு. இவற்றுக்குப் பிரம்பைவிட அதிகப் பொறுமை வேண்டும் என்பது உண்மைதான்.

அந்தப் பொறுமைக்கு ஜமாஅத் நிர்வாகிகள் வழி விட்டிருக்கிறார்களா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் உள்ள சிறு நேரத்தில் ஐம்பது, அறுபது பிள்ளைகளுக்கு ஒரே உஸ்தாது. பிள்ளைகளோ பள்ளிக்கூடமும் டியூஷனும் முடித்துக் களைத்து வருகிறார்கள். சம்பளமோ குடும்பம் நடத்தப் போதாது. எத்தனை பேர் குர்ஆன் முடித்தார்கள் என்று ஆண்டு விழாவில் மேடை போட்டுக் கணக்குக் கேட்பவர்கள், பாடம் எடுக்கும் இடத்தில் ஒரு நாள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்களா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பள்ளிக்கூடங்களில் அடிப்பதையும் மன வேதனை தருவதையும் தடை செய்தது. 2012-இல் வந்த திருத்தம் அச்சட்டம் மதரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் பொருந்தாது என்று விலக்களித்தது. இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, தன் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமை செய்பவர் எவராயினும் குற்றவாளி என்கிறது. அதில் மதரஸாவுக்கு விலக்கு இல்லை. துர்ருல் முக்தாரில் பல நூறு ஆண்டுகளாக இருந்த தஃஸீரை நாம் எடுத்து நடத்தியிருந்தால் இந்தச் சட்டங்கள் நமக்குப் புதிதாகத் தோன்றியிருக்காது.

முடிக்குமுன் ஒரு கேள்வி. பல ஆண்டுகள் ஓதிக் கொடுத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "அளவு கடந்து அடித்த பிள்ளைகளிடம் அன்றைக்கே தட்டிக்கொடுத்து மிட்டாய் வாங்கித் தந்திருக்கிறேன். அவர்களும் சிரித்துவிட்டார்கள். அது போதாதா?"

போதாது. இது ஹக்குல் இபாத். பருவமடையாத பிள்ளை தன் உரிமையை விட்டுக்கொடுப்பது ஷரீஅத்தில் செல்லாது. அவன் சிரித்ததும் தலையசைத்ததும் மன்னிப்பாகாது. தகப்பனார் அவனுக்குப் பதிலாக மன்னித்துவிடவும் முடியாது. அவன் வளர்ந்து பருவமடைந்த பிறகு அவனிடமே கேட்க வேண்டும். பெயர் நினைவிலிருப்பவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியில் அழையுங்கள். முகவரி கிடைத்தால் கடிதம் எழுதுங்கள். இறந்து போனவர்களுக்காகவும், முகம் மறந்து போனவர்களுக்காகவும் அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டு, அவர்கள் பெயரால் ஸதகா செய்யுங்கள். அந்தப் பெரியவர் ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதத் தொடங்கினார்.